கத்தரிக்காய்ச் சின்னம்

இலுப்பங்கோட்டை நாட்டில் எல்லாம் இருந்தது. ஆறு இருந்தது, சில மாதங்களில் அதில் தண்ணீரும் இருந்தது. அரசர் இருந்தார், மக்கள் அவரை நேசிக்கிறார்கள் என்று அவரிடம் சொல்வதற்கு அமைச்சர்களும் இருந்தார்கள். மற்ற நாடுகளில் உள்ள நோய்கள் அத்தனையும் அங்கே இருந்தன. அவற்றை ஆராய்கிறவர்களுக்குக் கொடுப்பதற்கென்று கருணைப் பெட்டகம் ஒன்றும் இருந்தது.

பெட்டகத்தில் விழுந்த பணம் அரசருடையது அன்று. ஒரு வீட்டில் யாரேனும் நோயில் இறந்தால், பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டார் போய் இயன்றதைப் போட்டுவிட்டு வருவார்கள். அடுத்த வீட்டுக்கு இது வரவேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். உள்ளே போன பணம் அரசரின் படம் வரைந்த பட்டுப் பையில் வெளியே வரும். அதனால் அதற்கு அரசரின் கருணை என்று பெயர்.

மருதவாணன் அந்தக் கருணைக்கு மூன்று முறை விண்ணப்பித்தவன். மழைக்காலத்தில் பனையடியில் முளைக்கும் ஒரு காளானின் சாறு, கோழிகளுக்கு வரும் புற்றுக்கட்டியைச் சுருக்குகிறது என்று அவன் கண்டுபிடித்திருந்தான். ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அவன் அரசுக் கல்விச்சாலையில் படித்தவன். சொல்வதற்கு ஒரு கட்டு ஓலை தேவைப்பட்டது.

முதல் விண்ணப்பத்தை ஏழு அறிஞர்கள் படித்தார்கள். 'சாறு வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை' என்று திருப்பி அனுப்பினார்கள். கைப்பணத்தைப் போட்டு ஆதாரம் சேர்த்து மறுபடி அனுப்பினான். 'ஆதாரம் இருக்கிறது, இனி ஆராய என்ன இருக்கிறது?' என்று பதில் வந்தது. மூன்றாவதில் பாதிக்கு ஆதாரம் கொடுத்து, பாதியைத் தெரியாது என்று எழுதினான். 'நடை குழப்பமாக உள்ளது' என்றார்கள். அதை மட்டும் அவனால் மறுக்க முடியவில்லை.

மூன்றாவது விண்ணப்பம் எழுதிய சமயத்தில் அவன் மனைவி தையல்நாயகிக்கே மார்பில் கட்டி வந்திருந்தது. கட்டிலில் படுத்தபடி அவள்தான் அதை முழுவதும் படித்தாள்.

"என்னங்க, பக்கத்துக்குப் பக்கம் 'மேற்கூறிய'ன்னு வருது. மேல என்ன கூறியிருக்கீங்கன்னுதான் தெரியல."

"அறிஞர்களுக்குப் புரியும்."

"அவங்களுக்கும் புரியாதுங்க. வெளிய சொல்ல மாட்டாங்க."

அந்தச் சமயத்தில்தான் கருணைத்துறை அமைச்சர் பெருந்தகையார் அரண்மனை வாசலில் மேடை போட்டுப் பேசினார்.

"நிதி யாருக்கு என்பதை இதுகாறும் அறிஞர்கள் தீர்மானித்தார்கள். அறிஞர்கள் எத்தனை பேர்? ஏழே பேர்! மக்கள் எத்தனை பேர்? ஏன் இந்த அநீதி? இனி நோய்களும் மக்களைச் சந்திக்கட்டும்! நோய்களுக்குள் தேர்தல் நடக்கும். எந்த நோய்க்கு அதிக ஆதரவோ, அந்த நோய்க்கே பெட்டகம் முழுவதும்!"

கூட்டம் கை தட்டியது. மருதவாணனும் தட்டினான். புற்று வராத தெருவே நாட்டில் இல்லை, ஆகவே வெற்றி நிச்சயம் என்று வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுக் காட்டினான்.

தையல்நாயகி கணக்கைப் பார்த்தாள். "வீடெல்லாம் சரியா இருக்குங்க. வந்த ஆளுங்க எங்க இருக்காங்க, ஓட்டுப் போட?"

அவன் அதற்கு ஓர் அடிக்குறிப்பு எழுதினான்.

ஒவ்வொரு நோய்க்கும் அதை ஆராய்கிறவரே வேட்பாளர். அந்த நோய் உள்ள ஒருவர் மனுவை முன்மொழிய வேண்டும். புற்றுக்குத் தையல்நாயகி முன்மொழிந்தாள். கையெழுத்து கொஞ்சம் கோணிப்போயிற்று. அதற்கு மன்னிப்பும் கேட்டாள்.

மனுப் பரிசீலனைக்கு முன்பே அவள் இறந்துபோனாள். பதினாறாம் நாள் மருதவாணன் பெட்டகத்துக்குப் போய் வரிசையில் நின்று பணத்தைப் போட்டான். போட்ட பிறகுதான், தான் விண்ணப்பித்த இடமும் அதுதான் என்பது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

பரிசீலனை அன்று தேர்தல் அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முன்மொழிந்தவர் தையல்நாயகி. ஆள் எங்கே?"

"இறந்துட்டாங்க."

"எதனால்?"

"இந்த நோயாலதான்."

"அப்படியானால் இந்த நோய்க்கு இப்போது ஆள் இல்லை. மனு செல்லாது."

"ஐயா, ஆள் இல்லாமப் போறதுதான் இந்த நோயே."

"அது பிரச்சாரம். மேடையில் பேசுங்கள். சட்டப்படி எனக்கு உயிரோடு ஒருவர் வேண்டும். வெளியே எட்டிப் பாருங்கள். வழுக்கைக்கு முன்மொழிய வாசல் வரை வரிசை நிற்கிறது. நோய் என்றால் அப்படி இருக்க வேண்டும்."

மருதவாணன் எட்டிப் பார்த்தான். வாசல் பளபளவென்று இருந்தது.

அவனுக்குச் சோறு கொண்டுவந்த தையல்நாயகியின் தங்கை செண்பகம் தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நான் கையெழுத்துப் போடறேன்."

"செண்பகம், நோய் இருக்கறவங்கதான் போடணும்," என்றான் மெதுவாக.

"தெரியும் மாமா."

அவன் அவளைப் பார்த்தான். அவள் ஓலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்போலருந்து?"

"அக்காவைக் குளிப்பாட்டின அன்னிக்குத்தான் எனக்கும் தடவிப் பார்த்தேன்."

"எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"காது குடுத்துக் கேக்கற நிலைமையிலயா இருந்தீங்க? மூணு நாளா உப்பில்லாத சோறு போட்டுப் பார்த்தேன். பேசாம தின்னுட்டு எழுந்து போறீங்க."

அதிகாரி மகிழ்ந்துபோனார். "பார்த்தீர்களா, தேடினால் கிடைக்காமலா போகும்?" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

இவ்வாறாகப் புற்று களத்தில் இறங்கியது.

சின்னம் குலுக்கலில் விழுந்தது. வழுக்கைக்குச் சீப்பு. பல்வலிக்கு நிலக்கடலை. புற்றுக்குக் கத்தரிக்காய். கத்தரிக்காய் தின்றால் உடம்பு அரிக்கும் என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே அச்சின்னம் இயற்கையாகவே தங்களுடையது என்று சொறிசிரங்கின் வேட்பாளர் ஆட்சேபம் எழுப்பினார். ஒரு நாள் முழுக்க வாதம் நடந்தது. கத்தரிக்காய்க்காக மருதவாணன் உணர்ச்சிகரமாக வாதாடினான். தையல்நாயகி போனதற்குப் பிறகு அவன் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

பிரச்சாரம் தொடங்கியதும் ஆணைகள் வந்தன. வேட்பாளர்கள் வாக்காளர்களை வருந்தச் செய்யக்கூடாது என்றது முதல் ஆணை. 'சாவு' என்ற சொல்லுக்குத் தடை. 'நீண்ட ஓய்வு' என்று சொல்லலாம். எத்தனை மாதத்தில் நோய் தீரும் என்று ஒவ்வொருவரும் வாக்குறுதி தரவேண்டும் என்றது இரண்டாம் ஆணை. தோரணம், பந்தல், தாரை தப்பட்டைச் செலவெல்லாம் கருணைப் பெட்டகத்திலிருந்தே எடுக்கப்படும் என்றது அடுத்தது. அரண்மனை வைத்தியர்கள் அனைவரையும் தேர்தல் பணிக்கு அனுப்பும் ஆணையும் பின்னாலேயே வந்தது. செண்பகம் மருந்து வாங்கப் போன இடத்தில் பூட்டுத் தொங்கியது. நோய்களின் நலனுக்காக வைத்தியசாலை மூடப்பட்டிருப்பதாக அறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அவள் திரும்பி வந்து கத்தரிக்காயை ஒரு கழியில் குத்திப் பிடித்துக்கொண்டாள். மருதவாணன் முச்சந்தியில் பேசினான்.

"பெரியோர்களே! மேற்கூறிய காளானின் சாறு..."

"மேல எங்கப்பா கூறின? இப்பதானே வாயைத் தொறக்கற!" என்றது கூட்டம்.

அவன் 'மேற்கூறிய'வை விழுங்கினான். அப்புறம் தொடர்ந்தான்.

"எத்தனை மாசத்துல தீரும்? அதைச் சொல்லு."

"அது ஆராய்ந்தால்தான் தெரியும்."

"தெரியாதவனுக்கு எதுக்குய்யா ஓட்டு? அது சரி, கத்தரிக்காய் வீசை என்ன விலை?"

"ஓட்டுப் போட்டா சும்மாவே தர்றோம் பெரியப்பா!" என்றாள் செண்பகம்.

வாக்காளருக்குக் காய்கறி கொடுக்க முயன்றதாகப் புற்றின் மேல் மறுநாளே வழக்குப் பதிவாயிற்று. வழுக்கையின் வேட்பாளர் வைத்தியர் சிகாமணி வீடு வீடாகத் தைலமும் தந்தச் சீப்பும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவை விழிப்புணர்வுப் பொருள்கள்.

சிகாமணிக்கு முழங்கால் வரை தொங்கும் தலைமுடி. அவர் மருதவாணன் வீட்டுக்கும் வந்தார். வைத்தியசாலை பூட்டப்படும் முன் கிடைத்த மருந்தில் செண்பகத்தின் முடி முழுவதும் கொட்டியிருந்தது.

"ஏம்மா, நம்ம ஆளா இருந்துக்கிட்டு அந்தப் பக்கம் வேலை செய்யறியே."

"இது நோய் இல்லைங்க. மருந்துல கொட்டினது."

"காரணம் எதுவானா என்னம்மா, கட்சி ஒண்ணுதானே. உங்க அக்காவுக்கும் கடைசியில இப்படித்தான் இருந்துச்சு. அந்தம்மா பேரையும் நம்ம பட்டியல்ல சேர்த்திருக்கோம்." சீப்பை அவள் கையில் வைத்தார்.

"இருக்கட்டும்," என்று வாங்கிக்கொண்டாள். "மாமாவுக்கு முதுகு சொறியறதுக்கு ஆகும்."

வாக்குப்பதிவு பழைய நெல்மண்டியில் நடந்தது. நோய்க்கு ஒரு குடம். குடத்தின் மேல் சின்னம். சாவடி மணியக்காரர் பட்டியலில் பெயரைப் பார்த்து ஒரு புளியங்கொட்டை கொடுப்பார். வேண்டிய நோயின் குடத்தில் போட வேண்டும்.

"மருதவாணன். இருக்கு," என்றார் மணியக்காரர். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "வீட்டம்மா தையல்நாயகி. அவங்கதான் காலையிலயே வந்து போட்டுட்டுப் போயிட்டாங்களே."

மருதவாணன் படித்தவன். சட்டம் அறிந்தவன். மேசையைத் தட்டியிருக்க வேண்டும். கூச்சல் போட்டுச் சாட்சிக்கு ஆள் கூப்பிட்டிருக்க வேண்டும். அதையெல்லாம் செய்யவேண்டும் என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"எப்படி இருந்தா?"

மணியக்காரர் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்கு அவருக்குப் பயிற்சி தரப்படவில்லை.

"நல்லாத்தான் இருந்தாங்க," என்றார். அவன் நகரவில்லை என்று கண்டு, "தலை நிறைய முடி. பூ வச்சிருந்தாங்க," என்று சேர்த்துக்கொண்டார்.

"என்ன பூ?"

"கனகாம்பரம்."

"அவளுக்குக் கனகாம்பரம் பிடிக்காது," என்றான் மருதவாணன். கொட்டையை வாங்கிக்கொண்டு போய்க் கத்தரிக்காய்க் குடத்தில் போட்டான். அது அடியில் விழுந்த சத்தம் மண்டி முழுக்கக் கேட்டது. குடம் அவ்வளவு காலியாக இருந்தது.

வெளியே செண்பகம் காத்திருந்தாள். "என்ன மாமா, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"உங்க அக்கா வந்துட்டுப் போனாளாம்."

"யாருக்குப் போட்டாளாம்?"

"கேக்கல."

"கேட்டிருக்கலாம்ல. ரகசியம்னாவது சொல்லியிருப்பாங்க."

வழுக்கை வென்றது. இலுப்பங்கோட்டையில் இறந்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டுமானால், இறந்தவரே நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். யாரும் வந்ததில்லை. ஆகவே அவர்கள் எல்லோரும் வாக்காளர்களாகவே நீடித்தார்கள். உயிரோடிருப்பவர்களைப் போல அவர்கள் வெயிலுக்குச் சுணங்குவதில்லை, கேள்வி கேட்பதில்லை. அவர்களில் பெரும்பாலோர் புற்றில் போனவர்கள். அத்தனை பேரும் சீப்புக்குப் போட்டிருந்தார்கள். வழுக்கைக்கு அந்நாட்டில் அவர்களைவிடப் பெரிய ஆதரவாளர்கள் இல்லை.

"நீண்ட ஓய்வில் இருப்பவர்களும் ஓடோடி வந்து கடமையாற்றிய நாடு இது!" என்று அமைச்சர் நா தழுதழுக்கச் சொன்னார். கிரீடத்தைக் கழற்றி யாருமே பார்த்திராத அரசர், முதன்முறையாக ஒரு தேர்தல் முடிவுக்கு நேரில் வந்து வாழ்த்துச் சொன்னார்.

மருதவாணன் வீட்டுக்கு வந்தான். கோழிகளுக்குத் தீவனம் இல்லை. காளான் ஜாடிகள் வறண்டுகொண்டிருந்தன. செண்பகத்தின் கட்டி எலுமிச்சை அளவு இருந்தது. அவன் ஓலையை எடுத்து, வழுக்கைக்கான நிதியைக் கேட்டு, கட்டி சுருங்கிய இடத்தில் கோழிகளுக்கு இறகு முளைப்பதாகவும், இறகும் ஒருவகையில் முடியே என்றும் எழுதினான். அவன் எழுதியவற்றிலேயே சுருக்கமான விண்ணப்பம் அது. 'மேற்கூறிய' ஓரிடத்திலும் இல்லை. பட்டுப் பை வந்துவிட்டது.

"பார்த்தீங்களா," என்றாள் செண்பகம், "பொய் சொன்னா உங்களுக்கு நடை நல்லா வருது."

ஒரு வருடம் அவள் காளான் சாறு குடித்தாள். வருடக் கடைசியில் பெருந்தகையார் பரிவாரத்தோடு சோதனைக்கு வந்தார். செண்பகத்தை நாற்காலியில் உட்கார வைத்து, தலையைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"முடி எங்கே?"

"வரலைங்க. கட்டிதான் கடுகு அளவா ஆயிருக்கு."

"அதை நாங்கள் கேட்கவில்லையே, அம்மா."

"ஆள் உயிரோட இருக்கேன். அதையாவது எழுதிக்கோங்க."

"எழுதலாம்," என்றார் அமைச்சர் பரிவோடு. "ஆனால் அது இந்தத் திட்டத்தின் நோக்கம் அன்று." திட்டம் தோல்வி என்று முடிவாயிற்று. நிதி நின்றது. கட்டி சிறுத்ததற்குக் காரணம் காளானா, அரண்மனை மருந்தா, செண்பகத்தின் வாயா என்பது இன்று வரை நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்க நிதி இல்லை.

அடுத்த தேர்தல் வந்தபோது புற்றுக்குக் கத்தரிக்காய்ச் சின்னமே நிலைத்துவிட்டது. மருதவாணன் மீண்டும் நின்றான். தோற்பதில் அவனுக்கு இப்போது நல்ல பயிற்சி. வாக்குப்பதிவு அன்று இருவரும் நெல்மண்டிக்குச் சேர்ந்து போனார்கள். முன்னால் செண்பகம். அதே மணியக்காரர்.

"செண்பகம்... நீங்க காலையிலயே வந்து போட்டாச்சே."

"நானா?"

மணியக்காரர் பட்டியலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பட்டியலைப் பார்த்தார். புற்று உள்ளவர்கள் அடுத்த தேர்தல் வரை எப்படியும் இருக்கமாட்டார்கள் என்று அவர்கள் பெயர்களை முன்கூட்டியே இறந்தவர் கட்டுக்கு மாற்றியிருந்தார்கள். நிர்வாகச் சிக்கனம்.

"சொன்னபடி நடந்துக்கலைன்னா நாங்க என்னம்மா பண்றது?" என்றார் எரிச்சலோடு. "போட்டது போட்டதுதான்."

மருதவாணன் வாயைத் திறப்பதற்குள் செண்பகம் மேசைமேல் குனிந்தாள்.

"நான் எப்படி இருந்தேன்?"

"என்னது?"

"காலையில வந்தேன்ல. எப்படி இருந்தேன்?"

மணியக்காரருக்கு வியர்த்தது. "நல்லாத்தாம்மா இருந்தீங்க. தலை நிறைய முடியோட."

மருதவாணனுக்குச் சிரிப்பு வந்தது. நின்றுபோன வண்டியைத் தள்ளிக் கிளப்பியது போல முதலில் திக்கியது, பிறகு நிற்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க அக்கா தையல்நாயகி?" என்றாள் செண்பகம். "அவளும் வந்துட்டுப் போயிட்டாளா?"

"இல்லம்மா. புதுசா போனவங்க காலையில. பழைய ஆளுங்க சாயங்காலம். கூட்டம் ஜாஸ்தி இல்லையா, பிரிச்சு விட்டிருக்கோம்."

"அப்ப இருந்து பார்த்துட்டே போறோம்."

குடங்கள் வரிசையாக இருந்த மேடைக்கு எதிரே, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மருதவாணன் கொஞ்சம் யோசித்தான். இந்த நிலைமைக்கு என்ன விதி பொருந்தும் என்று பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தான்.

வரிசையில் அடுத்து நின்ற ஒரு பெரியவர் மேசையருகே வந்தார். "என் சம்சாரம் இசக்கியம்மாளும் வருவாளா?" என்று கேட்டார். மணியக்காரர் பழக்கதோஷத்தில் பட்டியலைப் பார்த்து, "வருவாங்க," என்று சொல்லிவிட்டார். பெரியவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒருத்தி தன் மகனைக் கேட்டாள். அவனும் சாயங்காலம். அவளும் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் எதுவும் கேட்கவே இல்லை. அந்த நாட்டில் எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் சாயங்காலம் வருபவர்தான்.

மதியத்துக்குள் மண்டி நிறைந்துவிட்டது. யாரும் கோஷம் போடவில்லை. யாரோ ஒருத்தி பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, வருகிறவளுக்கு என்று மடியில் வைத்துக்கொண்டாள். சீப்புச் சின்னத்தின் ஆட்கள் கொட்டை மூட்டைகளோடு பின்வாசலில் தலை நீட்டினார்கள். உள்ளே பார்த்தார்கள். அத்தனை கண்களும் அவர்களையே பார்த்தன. மூட்டையோடு பின்வாங்கினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பெருந்தகையாரே வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"எழுந்து போங்கள், ஐயா! இது அவர்கள் வரவேண்டிய நேரம்!"

"தெரியுங்க," என்றான் மருதவாணன், கொஞ்சம் நகர்ந்து அமைச்சருக்கும் இடம் விட்டபடி. "அதுக்குத்தான் உட்கார்ந்திருக்கோம்."